வெளிநாட்டில் கணவர், ஊரில் குடும்பம்: கடன் அவள் தலையில், காகிதம் யார் கையில்?

இசேவை_முதுகுளத்தூர்:

முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பது புதுச் செய்தி இல்லை. மழை பெய்தால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் என்று இருக்கிற மண் இது. 2015ல் எடுத்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. பெரும்பகுதி ஆண்கள். அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பணம் வந்து சேரும் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதல் பட்டதாரி சான்று என்று வருகிற பெண்களிடம் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் ரியாத், தம்மாம், ஷார்ஜா என்று பதில் வரும். கம்பெனி பெயர்? தெரியாது. விசா நகல்? இல்லை. பாஸ்போர்ட் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், அதிலும் நம்பர் இருக்கும் மூலையை அவர் கட்டைவிரல் மறைத்திருக்கும். வேலை ஒப்பந்தத்தை அவரே கண்ணால் பார்த்தாரா என்பது சந்தேகம். ஆனால் போகும்போது வாங்கிய கடன் எவ்வளவு என்று கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வார்கள். மாதம் பிறந்தால் வட்டிக்காரர் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தானே.

பிரிவு பெரிய துயரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிந்து இருக்கும் குடும்பத்தைக் கீழே தள்ளுவது பிரிவைவிட இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்: போவதற்கு வாங்கிய கடன், வீட்டில் இருப்பவள் கையில் ஒரு காகிதமும் இல்லாதது. உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.


கண்மாய்க்கரை:

கடன் பற்றிச் சொன்னது முழு உண்மை. நான் ஷார்ஜாவில் கிளீனிங் கம்பெனியில் இருந்து வந்தவன். எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் பொருந்துகிற கணக்கு இது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம். மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. சம்பளம் 900 திர்ஹாம், நம் காசுக்கு 20,000 சொச்சம். சாப்பாடு, போன், சோப்பு, முடிவெட்டு என்று 300 திர்ஹாம் போய்விடும். ஊருக்கு வருவது 13,000, 14,000. அதில் வட்டி போக வீட்டுக்கு ஒன்பதாயிரம். அசல் அப்படியே நிற்கும். மாமியாரை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அந்த மாதம் வட்டியும் நிற்கும். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வருகிறபோது புதுக்கடன் வாங்கித்தான் லீவுச் செலவே செய்ய முடிகிறது. திரும்பப் போகாமல் என்ன செய்ய?

சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்க வேண்டியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. 30,000 என்றால் மனைவியின் ஒரு வளையலோடு முடிந்திருக்கும். முதல் வருடத்திலேயே மீட்டிருக்கலாம். இரண்டு வருடத்தில் திரும்ப வேண்டியவன் பன்னிரண்டு வருடம் இருக்கிறான் என்றால் அது பேராசை இல்லை. முதலில் போட்ட கடனின் வேலை.


ஒரத்தநாட்டான்:

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். இங்கே ஊரிலேயே பயிற்சி எடுத்து ஸ்கில் டெஸ்ட் பாஸாகி வர வேண்டும். பயிற்சி, டெஸ்ட், ஏஜென்ட் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில்தான் கணக்கு. வொர்க் பெர்மிட்டில் வருகிறவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. எத்தனை வருடம் உழைத்தாலும் பெர்மிட் பெர்மிட்தான்.

கடனைப் பற்றி எல்லோரும் சரியாகவே சொல்கிறீர்கள். ஆனால் வீட்டில் இருப்பவளுக்கு அதிகாரம் இல்லை என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டைக் கட்டியது என் மனைவி. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பூச்சு வரை நான் ஒரு நாளும் அங்கே இல்லை. தளம் போடுவதற்கு முந்தின நாள் போனை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, கம்பி கட்டியதை ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். ஒரு பக்கம் கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைக்காமல் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, 'இதை வைக்காமல் நாளைக்குக் காங்கிரீட் வண்டி உள்ளே வராது' என்று சொல்லிவிட்டாள். பத்து வருடம் சைட்டில் இருக்கிற நான் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள். பள்ளியில் ஏழாவது வரை படித்தவள்.


இளையான்குடி_மருமகள்:

ஒரத்தநாட்டு அண்ணன் சொல்வதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. அண்ணி கொடுத்து வைத்தவர். ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த வீட்டுமனை யார் பெயரில் இருக்கிறது? மேஸ்திரிக்குக் கொடுத்த பணம் யார் கணக்கிலிருந்து போனது? பதில் சொல்ல வேண்டாம், யோசித்தால் போதும்.

என் வீட்டுக்காரர் தம்மாமில் ஹவுஸ் டிரைவர். கல்யாண லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். முதல் சில வருடங்கள் பணம் மாமனார் கணக்கில்தான் விழும். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கக்கூட அவரிடம் கேட்டு, அவர் ஏடிஎம் போய் எடுத்து வந்து கொடுக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான். அப்புறம் அவர் படுத்த படுக்கையானார். அதற்குப் பிறகுதான் பணம் என் கணக்குக்கு வந்தது. மாமனாருக்கு டயாலிசிஸ், நாத்தனார் பிரசவம், போர்வெல் மோட்டார் எரிந்தது, மின்வாரிய அலுவலகம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் நான்தான். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். 'புருஷன் இல்லாத நேரத்தில் வண்டி எதற்கு' என்று தெருவில் பேசியதும் அப்போதுதான். சந்தைக்குப் போய்வர அரை மணி கூடுதலானால் தம்மாமுக்குப் போன் போய்விடும். இங்கே நடப்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

அதையெல்லாம்கூடத் தாண்டி வந்துவிட்டேன். என்னால் தாண்ட முடியாமல் நின்றது வரப்புத் தகராறில். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி உள்ளே தள்ளிவிட்டார். அளந்து கொடுக்கச் சொல்லி மனுக்கொடுக்கப் போனால் பட்டாதாரர் வரட்டும் என்றார்கள். பட்டா என் வீட்டுக்காரர் பெயரில். அவர் வர வேண்டுமென்றால் கஃபீல், அதாவது அங்குள்ள முதலாளி, ஊருக்குப் போய்த் திரும்பும் ரீ-என்ட்ரி அனுமதி அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பச் சொன்னேன். யோசித்துவிட்டு அவருடைய தம்பிக்கு எழுதி அனுப்பினார். என் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பெண்பிள்ளை ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம் என்று நினைத்தாராம். அந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவள் நான். அப்போது அலைச்சல் தெரியவில்லை.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. 50 டிகிரி வெயிலில் நிற்கிறார். அவர் படும் பாடு எனக்குத் தெரியும். வேலை முழுக்க என்னிடமும் கையெழுத்து முழுக்க அவரிடமும் இருக்கும்வரை எங்கள் இரண்டு பேருக்கும்தான் நஷ்டம் என்று சொல்கிறேன்.


ஒரத்தநாட்டான்:

மனை என் பெயரில்தான் இருக்கிறது தங்கச்சி. நீங்கள் கேட்டதை இன்று இரவு வீட்டில் பேசுகிறேன்.


வைகைத்தண்ணி:

எல்லாம் சரி. போகாமல் இருந்தால் என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. நூறு நாள் வேலையை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண முடியுமா? எங்கள் தெருவில் ஓடு போட்ட வீடெல்லாம் தார்சு வீடானது, பெண்பிள்ளைகள் காலேஜ் போனது எல்லாம் சவூதிப் பணத்தில். குடும்பம் பாதிக்கிறது என்று பேசுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.


டீச்சர்_சிவகங்கை:

வைகைத்தண்ணி சொல்வது நியாயம். போகாதே என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். அப்பா வெளிநாட்டில், அம்மா வரவுசெலவு பார்க்கிற வீடுகளில் பெண்களைப் பன்னிரண்டாவதோடு நிறுத்துவதில்லை. 'நான்தான் படிக்காமல் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு அலைகிறேன், இவளாவது படிக்கட்டும்' என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

ஆண்பிள்ளைகள் கதை வேறு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது குடிபெயர அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பத்தாவது பாஸானால் அது தேவையில்லை. எங்கள் பையன்களுக்கு இது மனப்பாடம். அதனால் பத்தாவது பாஸ் என்பதே படிப்பின் எல்லைக்கோடாகிவிட்டது. 35 மார்க் வந்தால் போதும் டீச்சர், பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்கிறான். நன்றாகக் கணக்குப் போடுகிற பையன். பாலிடெக்னிக் படித்துவிட்டுப் போனால் ஹெல்பர் சம்பளம் இல்லை, டெக்னீசியன் சம்பளம் என்று நான் சொன்னால் தலையாட்டுவான். வீட்டில் கடன் அடையாமல் இருக்கிறது, மாமா விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார், அவன் எங்கே நிற்பான்? அப்பாவின் கடனைப் பிள்ளை போய் அடைக்கிறான். கண்மாய்க்கரை எழுதிய கணக்கின் அடுத்த வரி இது.

இன்னொன்று. அப்பா போனில் மட்டும் இருக்கிற பிள்ளைகள் அப்பாவிடம் நல்ல செய்தியை மட்டுமே சொல்லப் பழகிவிடுகிறார்கள். அவரும் அப்படியே. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் பேச முடியாது என்பதால் போட்டிம் ஆப்பில் வருவார். ஐந்து நிமிடம், அதில் சண்டை எதற்கு என்று இரண்டு பக்கமும் நினைப்பார்கள். பையன் பள்ளிக்கு வராமல் இருந்தது அப்பாவுக்கு ஒரு வருடம் கழித்துத் தெரிய வரும். கோபம் முழுக்க அம்மா மேல் விழும்.


மட்டுநகர்ப்_பிள்ளை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் போகிறது தாய்மார். குவைத், சவூதி வீடுகளில் வேலைக்கு. உங்கள் ஊரில் போகிறவர் ஏஜென்டுக்குக் காசு கட்டுகிறார். எங்கள் ஊரில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் குடும்பத்துக்கு ஏஜென்ட் முற்பணம் தருவார். கேட்க நல்லதாகத் தெரியும். அந்தக் காசு கூரைக்கும் பழைய கடனுக்கும் போய் முடிந்த பிறகு, அங்கே சம்பளம் வராவிட்டாலும் அடி விழுந்தாலும் 'இடையில் வந்தால் காசைத் திருப்பிக் கட்டு' என்பார்கள். வாங்கினாலும் கொடுத்தாலும் கயிறு ஏஜென்ட் கையில்தான்.

மூதூர் ரிசானா நபீக்கை வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டில் 2005ல் சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதே 2013ல் இலங்கை அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வேலைக்குப் போக முடியாது. மூத்த பிள்ளைகள் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதைக் காட்ட வேண்டும், பிரதேச செயலகத்தில் அறிக்கை வாங்க வேண்டும். பொருளாதாரம் விழுந்து டொலர் இல்லாமல் போன 2022ல் அந்த ஐந்து வயதை இரண்டாக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் நலன் என்று சொன்னது டொலர் தேவைப்பட்டதும் இரண்டு வயதில் முடிந்துபோனது. வெளிநாடு போகிற தகப்பனிடம் உன் பிள்ளைக்கு என்ன வயது என்று ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. அறிக்கை கிடைக்காதவர்கள் பதிவு செய்யாமல் விசிட் விசாவில் போனார்கள். அவர்களுக்கு அங்கே ஒன்று நடந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பெயர்கூட இராது.

என்னை வளர்த்தது அம்மம்மா. அவவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் நானே வாசித்து, நானே அம்மம்மா பெயரில் கையெழுத்தும் போடுவேன். என்னைப் பற்றிய முறைப்பாடாக இருந்தாலும் நான்தான். அம்மாவைக் கேவலமாகப் பேசிய சனத்தோடு இன்றைக்கும் எனக்குக் கதை இல்லை. அவ போனதால்தான் நான் படித்தேன். ஆனால் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று அரசாங்கத்திலிருந்து ஒருவர், ஒரு தரம், வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம். அறிக்கை எழுதுகிறவரைக்கும்தான் வந்தார்கள். அவ விமானம் ஏறின பிறகு யாரும் வரவில்லை.


செங்கம்_சாலை:

வெளிநாடு என்றால் கணக்கெடுக்க ஆளாவது இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்கும், குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. சூளையில் முன்பணம் வாங்கினால் மட்டக்களப்புச் சகோதரி சொன்ன அதே கயிறுதான். இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், இங்கே திசை மாற்றவில்லை.


இசேவை_முதுகுளத்தூர்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். காகிதம் பற்றி நான் தொடங்கியதால் அதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசில் மனுக்கொடுக்க வருகிற பெண்களுக்கு நான் மனு எழுதித் தருவதுண்டு. கணவருக்குச் சம்பளம் இல்லை, ஜெயிலில் இருக்கிறார், உடலைக் கொண்டுவர வேண்டும் என்று வருவார்கள். மனுவில் முதல் வரியே பாஸ்போர்ட் எண், விசா எண், நிறுவனத்தின் பெயர், முகவரி. அங்கேயே பேனா நின்றுவிடும். குவைத்தில் மங்காஃப் கட்டடத் தீயில் 2024 ஜூன் 12 அன்று இறந்த இந்தியர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படி நாடே பார்க்கிற விபத்தென்றால் அதிகாரிகளே தேடி வருகிறார்கள். தனியாக ஒருவர் தோட்டத்திலோ ஆட்டுப்பட்டியிலோ இறந்தால் அவர் எங்கே இருந்தார் என்பதை இங்கிருக்கும் மனைவிதான் சொல்லியாக வேண்டும்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், விசா, வேலை ஒப்பந்தம், ஏஜென்டுக்குப் பணம் கட்டிய ரசீது. போய்ச் சேர்ந்ததும் இகாமாவோ (சவூதி குடியிருப்பு அட்டை) எமிரேட்ஸ் ஐடியோ இரண்டு பக்கமும் படம், முதலாளியின் நம்பர், கூட வேலை பார்க்கும் ஒருவரின் நம்பர். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் முறையாகப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். மாரடைப்புக்கு இது வராது, தெரிந்துகொள்ளுங்கள். அந்த பாலிசி காகிதத்தை நான் கேட்ட வீடுகளில் பெரும்பாலும் யாரும் பார்த்ததில்லை. யார் நாமினி என்றும் தெரியாது. பிரச்சினை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம், மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. இரண்டிலும் கேட்பது இதே விவரங்களைத்தான்.

ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மனைவியும் பார்க்க வேண்டும். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தருகிற பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 900 திர்ஹாமில் அடிப்படை 500, மீதி அலவன்ஸ் என்று போட்டிருந்தால் கடைசியில் கையில் வருவது அந்த 500ஐ வைத்துத்தான். ஓய்வூதியம் இல்லாத வேலையில் குடும்பத்துக்கு மிஞ்சுகிற ஒரே மொத்தத் தொகை அது.

இளையான்குடி மருமகளுக்கு: தம்பிக்குக் கொடுத்த பவரை ரத்து செய்துவிட்டு உங்கள் பெயரில் எழுதலாம். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். அடுத்த லீவுக்கு வருகிறார் என்றால் இன்னும் சுலபம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரிலேயே பதியலாம். நிலம் அளக்க, மனுக்கொடுக்க என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதினால் போதும், விற்கும் உரிமை அதில் இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் தயக்கம் இருக்காது. பணத்துக்கு, அவருடைய என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) உள்ளூர்ச் செலவுக்கு நீங்கள் எடுக்க வங்கியில் மேண்டேட், அதாவது அனுமதிக் கடிதம், கொடுக்கலாம். நேராக உங்கள் சேமிப்புக் கணக்குக்கே அனுப்புவது எல்லாவற்றையும்விட எளிது.


இளையான்குடி_மருமகள்:

மிக்க நன்றி அக்கா. விற்கும் உரிமை இல்லாமல் எழுதலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. பக்ரீத் லீவுக்கு வருகிறேன் என்றிருக்கிறார், அப்போது பதிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.


கமுதி_அக்காதங்கை:

புதிதாகச் சேர்ந்தேன். என் தங்கை வீட்டுக்காரர் அடுத்த மாதம் ஷார்ஜா போகிறார். இப்போதைக்கு விசிட் விசாவில் போகட்டும், போனபிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். 90,000 கேட்கிறார், பாதி கட்டியாகிவிட்டது. எட்டாவதுதான் படித்திருக்கிறார். தங்கைக்குக் கைக்குழந்தை. என்ன செய்ய?


கண்மாய்க்கரை:

மீதிப் பணத்தைக் கட்ட வேண்டாம். விசிட் விசாவில் போனால் ஒப்பந்தமும் இல்லை, அந்தக் காப்பீடும் இல்லை. அங்கே அது வேலை விசாவாக மாறாவிட்டால், விசா முடிந்தபின் நாளுக்கு நாள் அபராதம் ஏறும். எங்கள் அறையில் அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நாங்கள் சேர்ந்து டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறோம்.


இசேவை_முதுகுளத்தூர்:

கட்டிய பாதிக்கு ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் போனில் அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். ஏஜென்ட் பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன். நாளை தங்கையையும் அவர் வீட்டுக்காரரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். அவர் மட்டும் வந்தால் போதாது, தங்கையும் வரட்டும்.